இரண்டாவது மிதி

துஹாமி இருபத்திரண்டு வருடமாக மலைமேல் இருக்கும் தன் ஊர் மத்மாத்தாவுக்கும் கீழே காபேஸ் நகருக்கும் இடையே பங்கு வண்டி ஓட்டுகிறான். சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை வேன், எட்டு இருக்கை. எட்டும் நிரம்பினால்தான் கிளம்பும். நிலையத்தில் முதலில் வந்து நின்றவனுக்கே முதல் சவாரி. நடுவில் வரிசையை விட்டுப் போனால் திரும்பி வந்து கடைசியில்தான் நிற்க வேண்டும். துஹாமி போகவே மாட்டான். தாகம் எடுத்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். 'வரிசை துஹாமி' என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

வேனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நிலையம் ஓய்ந்து கிடக்கும் நேரத்தில் மெக்கானிக் பெஷீரிடம் கொண்டுபோவான். ஆயில், பிரேக், டயர் எதையும் ஒரு வாரம் தள்ளிப்போட்டதில்லை. ஊரார் ஏறுகிற வண்டியாயிற்றே! வீட்டுக் காருக்கு அந்த யோகம் இல்லை. அந்தப் பழைய நீலக் காரில்தான் அவன் மனைவி சல்ஹா மலை இறங்கி ஒலிவத் தோப்புக்குப் போய் வந்தாள்.

"துஹாமி, பிரேக் மிதிச்சா கால் தரை வரைக்கும் போகுது" என்றாள் ஒரு நாள்.

"ரெண்டு மிதி மிதி. ரெண்டாவதுல பிடிக்கும்."

"உன்னையும் அப்படித்தான் மிதிக்கணும் போல. ஒரு தடவை சொன்னா எங்கே கேக்கறே?"

சிரித்தான். "நாளைக்கு பெஷீர்கிட்ட விடறேன்."

"உன் நாளைக்கு எந்த வருஷத்துல வரும்?"

பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய் கசிகிறது என்று பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்தது. புதுக் குழாயும் வாங்கி வேன் இருக்கைக்கு அடியில் போட்டான். வெள்ளிக்கிழமை வேனுக்கு, மற்ற நாள் வரிசைக்கு. காருக்கு நாளே இல்லை. ஆனால் கண்பட்டுவிடக் கூடாது என்று அன்றே காரின் கண்ணாடிக்குக் கீழே காய்ந்த மீன் வாலைக் கட்டித் தொங்கவிட்டான். அதற்கு வரிசையை விட வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம், ஒலிவ அறுவடை நேரம். காபேஸ் நிலையத்தில் ஏழு பேர் ஏறியிருந்தார்கள். சல்ஹாவின் தம்பி போன் செய்தான்.

"இறக்கத்துல கார் நிக்கலையாம் மச்சான். பாறையில மோதிடுச்சு. அக்கா..."

துஹாமி ஏழு பேரையும் இறக்கிவிட்டான். வரிசையை விட்டு வெளியே வந்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "எழுதி வெச்சது" என்றார்கள். எழுதியது யார் என்று அவனுக்குத் தெரியும். அழுகை வரவில்லை. மரத்துப் போயிருந்தான். யாரோ தட்டில் வைத்த கூஸ்கூஸை யாரோ சொன்னதால் தின்றான்.

மூன்றாம் நாள் முடிந்ததும் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் பெஷீரின் பட்டறையில் நிறுத்தினான்.

"இது காயலான் கடைக்குத்தான்டா போகும்" என்றான் பெஷீர்.

"பிரேக்கை மட்டும் சரி பண்ணு."

"யாருடா ஓட்டப் போறா?"

"யாரும் இல்ல."

பெஷீர் காரை ஜாக்கியில் தூக்கினான். துஹாமி கொடுத்த குழாயை மாட்டி, புது பிரேக் ஆயில் ஊற்றினான். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற உள்ளே ஒருவர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நசுங்கிய கதவை இழுத்துத் திறந்து, சல்ஹாவின் இடத்தில் துஹாமி உட்கார்ந்தான். மீன் வால் அப்படியே தொங்கியது.

"மிதி... பிடிச்சுக்க... இப்ப விடு... மிதி."

மிதித்தான், விட்டான்.

"முடிஞ்சுது. நல்லா மிதிச்சுப் பாரு."

முதல் மிதியிலேயே கெட்டியாகப் பிடித்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்."

காபேஸ் வரிசையில் எட்டாவது ஆள் வருவதற்கே அதைவிட நேரமாகும். துஹாமி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. இறங்கச் சொல்லி பெஷீர் இரண்டு தடவை கூப்பிட்டான்.