வாசம் ஆகாத வீடு

கல்யாணமாகிப் பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள தோட்டத்துக்குப் போன முதல் வாரத்திலேயே என் டிரங்குப் பெட்டியிலிருந்து மூன்று சாமான்கள் வெளியேறின. ஒரு பவுடர் டின், மல்லிகை வாசத் தலையெண்ணெய், சந்தனச் சோப்பு. எடுத்தவர் என் கணவர். கோபமாக எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றினார், தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து வந்திருந்த, கணக்கெழுதும் கிளாக்கரின் மனைவியிடம் கொடுத்தனுப்பினார், பிறகு கையைச் சாம்பல் போட்டுக் கழுவினார்.

அவர் உதவி டீமேக்கர், தேயிலையின் பக்குவம் பார்க்கிற வேலை. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். எங்கள் குவாட்டர்ஸ் ஸ்டோருக்குப் பின்புறம், மேட்டில் இருந்தது. தேயிலை எந்த வாசத்தையும் உடனே இழுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். சட்டைப்பையில் கற்பூரக் கட்டியோடு கொழுந்து பரப்பப் போன ஓர் ஆளை அன்றே வெளிவேலைக்கு மாற்றிவிட்டார்களாம். அதைவிட முக்கியம் என் கணவருடைய மூக்கு. உருட்டிய கொழுந்தில் பச்சை வாசம் அடங்கி, பழுத்த பேரிக்காயின் வாசம் எழும்பும் ஒரு நேரம் உண்டு. அப்போதே அதை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேநீர் கசக்கும், பிந்தினால் சப்பென்றிருக்கும். அந்த நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, மூக்குத்தான் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் பூ இல்லை, ஊதுவத்தி இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வெறும் விளக்கு. கருவாடு வாங்கவே முடியாது.

நான் அட்டன் டவுனில் வளர்ந்தவள். அப்பா ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், அவற்றைப் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. "மணம் வீசியது" என்று நான் சேர்த்துவிட்டால், யார் மூக்குக்கு என்று கேட்டு அந்தச் சொல்லை அடித்துவிடுவார். வீட்டுக்குக் கீழே கடைகள். காலையிலிருந்து இரவு வரை யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தோட்டத்தில் அப்படியில்லை. ஸ்டாப் எனப்படும் உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் உட்கார்ந்து பேசக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. நான் ஒரு தடவை, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களோடு நின்று பேசினேன். அவர்கள் எனக்காகக் குடத்தை நகர்த்தி, முந்தானையைச் சரிசெய்து, "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நான் போகும்வரை பேசாமல் நின்றார்கள். என் கணவருக்கு மேலேயுள்ள பெரிய டீமேக்கரின் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காகக் கண்டியில் இருந்தார். கிளாக்கர் வீட்டுக்கு நடந்தால் அரை நாள் போய்விடும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் தோட்டத்தின் இன்னொரு ஸ்டோர் கீழே பஸ் ரோட்டோரம் இருந்தது. அதன் டீமேக்கர் சித்திரைக்குப் பிறகு ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு. பெரிய டீமேக்கர், தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வேலை என் கணவருக்குத்தான். அந்த வீட்டை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். வரிசையாக இருந்த வீடுகளில் இரண்டாவது. வாசலில் இரண்டு பெண்கள் சண்டையா சிரிப்பா என்று தெரியாதபடி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும் என்று பட்டது.

எங்கள் வீட்டுக்கு ஒரு மெழுகுதிரி வந்தது அந்தப் பேச்சுக்கு முந்திய வருடம். துரைசாணி சீமைக்குத் திரும்பிப் போகும்போது பங்களாச் சாமான்களில் சிலவற்றை ஸ்டாப் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். எனக்குக் கிடைத்தது பாதி எரிந்த ஒரு மெழுகுதிரி. ஊதா நிறம், கண்ணாடிக் குவளைக்குள் இருந்தது. கணவர் இரவு வேலைக்கு ஸ்டோருக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அதை ஏற்றினேன். என்ன பூவின் வாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அறைக்குள் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. நாலைந்து மாலைகளில் அது தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் லாம்பின் முன்னால் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

நானே செய்து பார்த்தேன். கடை மெழுகுதிரியை நறுக்கி, உள்ளே இருந்த திரியை உருவிவிட்டு, பால் டின்னில் போட்டேன். டின்னைக் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தேன். நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். முதல் தடவை, டர்பன்டைன் மரம் என்று அங்கே சொல்லும் யூக்கலிப்டசின் இலையைப் பச்சையாகவே போட்டேன். இலையிலிருந்த ஈரம் மெழுகில் தங்கிவிட்டது. ஏற்றியதும் திரி படபடவென்று வெடித்துத் துப்பி அணைந்தது. அடுத்த தடவை இலையைக் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி வடித்து ஊற்றினேன். எண்ணெய் கூடிப்போய், மெழுகுதிரிக்கு வேர்த்தது. இரண்டாம் நாள் கூன் விழுந்து நின்றது.

பிறகு அட்டைக்கடிக்குப் பூச வைத்திருந்த, எலுமிச்சை வாசமடிக்கும் மானாப்புல் எண்ணெய் ஞாபகம் வந்தது. சிறு போத்தலில் பசாரில் கிடைக்கும். மெழுகு கொதிக்கும்போது அதைவிட்டால் வாசமெல்லாம் கூரைக்குப் போய்விடும். இறக்கி வைத்து, ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கும்போது சில சொட்டுகள் விட வேண்டும். கறுவாப்பட்டையை எண்ணெயில் ஊறவைத்து அதிலிருந்தும் ஒரு கரண்டி நுனி. தைக்கிற நூலை மூன்று புரியாகப் பின்னி மெழுகில் தோய்த்தால் திரி. அச்சுக்கு மூங்கில் கணு. நீளவாக்கில் பிளந்து, உட்புறம் எண்ணெய் தடவி, மறுபடி சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொள்வேன். மறுநாள் கயிற்றை அவிழ்த்தால் மூங்கிலின் ரேகைகளோடு மெழுகுதிரி வெளியே வரும். ஏற்றினால் மானாவின் வாசம் முதலில் வரும். கறுவா சற்றுப் பொறுத்து, சுடர் குழி பறித்த பிறகுதான் வரும். அந்த இரண்டாவதற்காக நான் காத்திருப்பேன்.

கணவர் வருமுன் ஜன்னலைத் திறந்து வாசத்தைப் போக்கிவிடுவேன். அவருக்குத் தெரிந்தது ஒரு மழை நாளில். கொழுந்து வராததால் ஸ்டோரில் வேலையில்லை, நேரத்தோடு வந்துவிட்டார். வாசற்படியிலேயே நின்றார். துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். "என்ன இது, கோயிலாட்டம்" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அவர் நிறையப் பேசினார். ராகலையில் சின்ன வயதில் முட்டைக்கோஸ் லொறியில் ஒளிந்து நுவரெலியா போய், திரும்பி வர வழி தெரியாமல் போலீஸ்காரரின் சைக்கிளில் வந்து இறங்கியதைச் சொன்னார். மெழுகுதிரி மழை நாளில் மட்டும் என்று ஆரம்பித்தது. பிறகு ஞாயிறு. பிறகு, ஸ்டோருக்குப் போகுமுன் முகம் கழுவிக்கொண்டால் போதும் என்று அவரே சொன்னார். தினமும் கொஞ்ச நேரம் மெழுகுதிரியின் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். கல்யாணமாகி இரண்டாவது வருடத்தில் என் கணவர் யார் என்று எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

செய்த மெழுகுதிரிகளை ஒரு தேயிலைப் பெட்டியில் வைத்திருந்தேன். மூலை நசுங்கிய பெட்டிகளை ஸ்டாப் வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். வெளிவாசம் தேயிலைக்குப் போகாமலிருக்க ஒட்டியது. என் மெழுகுதிரிகளின் வாசம் வெளியே போகாமலிருக்க அது எனக்கு உதவியது.

மாசி மாதம் பருவம் தப்பிப் பெய்த மழையில் கொழுந்து ஏராளமாக வந்தது. அதே நேரத்தில் மண் சரிந்து ரோடு அடைபட, புதுப் பெட்டிகள் மேலே வந்து சேரவில்லை. தூள் குவிந்துவிட்டது. ஸ்டாப் வீடுகளிலுள்ள பெட்டிகளில் நல்லதாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் முகர்ந்து எடுத்துவரும்படி பெரிய டீமேக்கர் என் கணவரை அனுப்பினார். மருந்துக்காரர் வீட்டுப் பெட்டியில் மருந்து வாசம் என்று தள்ளினார். இன்னொரு வீட்டுப் பெட்டியில் எலி. கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அதுலதாங்க திரி வச்சிருந்தேன்" என்றேன்.

அவர் மெழுகுதிரிகளை வெளியே எடுத்துவைத்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். தலையை உள்ளே விட்டு நன்றாக இழுத்து முகர்ந்தார். வெளியே போய் மூச்சுவிட்டு வந்து மறுபடியும் முகர்ந்தார். "ஒண்ணும் இல்லயே" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் மரவாசம் மட்டுந்தான் வந்தது.

மறுநாள் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். மூடியை ஆணியடிக்குமுன் பெரிய டீமேக்கர் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பிடி தூளை எடுத்து, வாயால் சூடாக ஊதி, உடனே முகர்வது வழக்கம். எங்கள் பெட்டியில் கை நின்றது. இது யார் வீட்டுப் பெட்டி என்று கேட்டார். எங்கள் வீட்டுது என்று இவர் சொன்னார். அந்தப் பிடியை அப்படியே இவர் கையில் கொட்டி, முகர்ந்து சொல்லச் சொன்னார். இவர் ஊதினார், முகர்ந்தார். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"ஒண்ணும் தெரியலீங்கய்யா."

பெட்டி அடிக்கிறவர் பக்கத்தில் நின்று, "கல்யாண வீட்டுத் தேயிலைங்கய்யா. மாப்பிள்ளைக்குத் தெரியாது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய டீமேக்கர் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியின் தூளைக் கழிவோடு கொட்டச் சொன்னார். பிறகு இவரை மட்டும் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"பெட்டி போனா போகுது தம்பி. அந்த வாசத்துல பழகி ஒன் மூக்கு மரத்துப்போச்சு. சித்திரைக்குள்ள மூக்கு திரும்பி வரட்டும். வராட்டி தொரைகிட்ட நான் வேற ஆளத்தான் சொல்லணும்."

நான் அன்றே நிறுத்தினேன். மிச்ச மெழுகுதிரிகளை விறகுக்கு அடியில் தள்ளினேன். ஒரு வாரம் லாம்பு மட்டும் எரிந்தது. அவர் சாப்பிட்டார், உட்கார்ந்தார், போனார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே மறுபடியும். எட்டாம் நாளோ என்னவோ, அவரே விறகை நகர்த்தி ஒரு மெழுகுதிரியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். சித்திரையைச் சொன்னேன்.

"நீ ஏத்து. ஒனக்கு வேற என்ன இருக்கு இங்க" என்றார். "நான் வெளிய இருந்துக்கிறேன்."

அப்படியே ஆயிற்று. சாப்பாடு முடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். கதவைச் சாத்திவிட்டு நான் உள்ளே ஏற்றுவேன். அவர் குரல் கதவுக்கு வெளியிலிருந்து வரும். பனி இறங்கும் மலையில் அந்த நேரத்தில் யாரும் வெளியே உட்கார மாட்டார்கள். இருமுவார். உள்ளே வாங்க என்று எனக்கு வாய்வரை வரும், அடக்கிக்கொள்வேன். காதில் விழாமலே பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். சரியாகக் கேட்காததற்கும் நான் "ம்" சொன்னேன். மெழுகுதிரியின் இரண்டாவது வாசத்துக்கு நான் காத்திருப்பதும் நின்றுவிட்டது. அது வந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு நாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலை உலர்த்தும் மாடியில் யாரோ பலகையை உடைத்துவிட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே நகர்ந்தார். எண்ணெய் தேய்த்த தலையோடு யாராவது கிட்டே வந்தால் ஸ்டோரில் அப்படித்தான் நகர்வாராக இருக்கும். நகர்ந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பேச்சு நின்றது.

"என்னங்க?"

"ஒன் சேலையில வருது." சற்று நேரம் மூச்சை இழுத்தபடி இருந்தார். "மானா. பின்னாலேயே கறுவா."

"அப்ப வந்திருச்சா?"

"வந்திருச்சு" என்றார். சிரித்தார்.

நானும் சிரித்தேன். பஸ் ரோட்டோரத்துக் கீழ்வீடு எங்களுக்கு வந்துவிட்டது என்று இருவருக்கும் அப்போதே தெரியும். அந்த வீட்டுக் குசினிக்கு இரண்டு ஜன்னல் இருப்பதையும், காலை பஸ் வாசலிலேயே நிற்பதையும் அவர் சொல்லத் தொடங்கினார். நகர்ந்து போன இடத்திலிருந்தே சொன்னார். திரும்பி வர முடியாது. வரச் சொல்ல எனக்கும் முடியாது. முந்தானையைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர் மணி அடித்ததும் எழுந்து போனார். அவர் கையிலிருந்த லாந்தர் பீலிக்கரையைத் தாண்டும்வரை அங்கேயே இருந்தேன். பிறகு உள்ளே போய் மெழுகுதிரியை விரலால் அணைத்தேன். சேலையை மாற்றி, கழற்றியதை வெளியே கொடியில், பனியில் போட்டேன்.