சாரங்கு மாப்பிள்ளை

என் சித்தியைப் பெண் பார்க்க வருகிறவருக்குக் கப்பலில் வேலை என்று தரகர் சொன்ன நாளிலேயே, அவர் கேப்டன்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் பரப்பிவிட்டேன். எங்கள் மலையூரான பெரும்பாறையில் அப்போது கடலைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் யாரும் மறுக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசி, ஆரஞ்சு பறிக்கிற மழைக்காலம்.

வந்தவர் தலையில் வெள்ளைத் தொப்பி இல்லை. ஆயக்குடிக்காரர், கையில் ஒரு கூடை கொய்யா. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சித்திக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பது, காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள் சர்க்கரை டப்பாவை உப்பு இருக்கும் இடத்தில் வைத்ததிலேயே தெரிந்தது. அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் சித்தி எங்களோடுதான் இருந்தாள். சரி என்று சொல்ல வேண்டியவர் அப்பா.

"கப்பல்ல என்ன சோலிங்க தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"சாரங்குங்க அண்ணே."

அப்பாவுக்கு அந்தச் சொல் புதிது. அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

"ஊர்ல ஆள் சேத்துக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போவேங்க. மேல்தட்டுல அவங்கள வச்சு வேலை வாங்கறது என் பொறுப்பு" என்றார் அவர், ஒளிவு மறைவில்லாமல்.

அப்பாவின் முகம் சுருங்கியது. எஸ்டேட் பக்கத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவனுக்கு ஒரே பெயர்தான்: கங்காணி. சொந்தமாக ஒரு சிறு தோட்டம் போடுவதற்கு முன், அப்பா கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர். காய்ச்சலில் கிடந்த தன் தாயைக் கங்காணி கம்பால் கதவைத் தட்டி எழுப்பி மழையில் வேலைக்கு இறக்கியதையும், அவன் மட்டும் குடைக்குள் நின்றதையும் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். கங்காணி கப்பலில் இருந்தால் மட்டும் என்ன, கங்காணிதானே?

"கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோங்க" என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கொய்யாக் கூடைக்குக்கூடத் தெரியும். அடுப்படியில் சித்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

மரியாதைக்கு அப்பா பஸ் வரைக்கும் வழியனுப்பப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். வளைவில் பஸ் முடங்கி நின்றது. அதற்கு முன்னால், எங்கள் ஊரார் எல்லோருடைய ஆரஞ்சையும் ஏற்றிய லாரி, பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் சரிந்து கிடந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வடத்தைக் கட்டி, "ஏலே, இழுங்கடா" என்று ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள். லாரி இன்னும் கொஞ்சம் சரிந்தது.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அப்பாவும் வடத்தைப் பிடித்தார். மாப்பிள்ளை முதலில் செய்த காரியம், வடம் பிடித்த ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டதுதான். மழையில் இதென்ன விசாரணை என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"பேர் தெரியாத ஆளக் கயித்துல நிறுத்த மாட்டேங்க" என்றார் மாப்பிள்ளை.

பிறகு வடத்தை மாற்றிக் கட்டிவிட்டு, பள்ளத்துப் பக்கம் இறங்கி, ஒரு பாறாங்கல்லோடு பின்சக்கரத்தை ஒட்டிக் குந்திக்கொண்டார். லாரி வழுக்கினால் முதலில் அகப்படுகிற இடம் அது. அங்கிருந்தபடியே ஐலசா போட்டார். எல்லோரும் ஒன்றாக இழுத்தார்கள். சக்கரம் ஒரு முழம் ஏறுவதும் அவர் கல்லை அடியில் தள்ளுவதுமாக, லாரி மெல்ல ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் கால் சறுக்கிய ஒருவரைப் பெயர் சொல்லி அதட்டி வடத்தை விடச் சொன்னார். முணுமுணுத்த அதே ஆள்தான் அவர்.

அப்பா மாப்பிள்ளையின் சேற்றுக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த எடத்துல வேற யாரையாச்சும் நிறுத்தியிருக்கலாமே தம்பி?"

"நான் கூட்டிட்டுப் போன ஆளு வீடு திரும்பலைன்னா, அவன் ஆத்தா முன்னாடி நான்தானண்ணே போயி நிக்கணும்? சாரங்குன்னா அதுதாங்க."

அப்பா கையிலிருந்த வடத்தைக் கீழே போட்டார். "பஸ்ஸு கெடக்கு. வெரசா வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகலாம்" என்றார்.

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் எங்கள் பக்கத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். சோறு என்று அப்பா சொன்னதே சம்மதம். மாப்பிள்ளையின் ஈரச் சட்டையோடு நான்தான் முதலில் ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன்.

சாப்பிட்டு எழுந்தவர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இருப்பவர்களின் பெயரெல்லாம் கேட்டார். தொட்டிலில் கிடந்த தம்பி வரைக்கும் சொன்னேன். நாயின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கேப்டனாக இல்லாவிட்டாலும் நல்ல ஞாபகசக்தி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சில வருஷங்களில் அப்பா போய்விட்டார். சித்தப்பா கப்பலை விட்டு வந்து வாசலில் நின்று என்னையும் தம்பியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு குடும்பத்தையும் ஓட்டினார். நான் டீச்சரானதும் தம்பி தலையெடுத்ததும் அவரால்தான். கடைசிவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று நான் பெயர்களை ஒப்பித்தபோது, அவர் எங்களைக் கயிற்றில் சேர்த்துக்கொண்டார் என்பதோ, பள்ளத்துப் பக்கம் தானே போய் நிற்பார் என்பதோ எனக்குத் தெரியாது.