தலைமாட்டுச் செருப்பு

கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பரீட்சை பயம்தான் பாதிக் காரணம். பத்து வயதில் இந்தப் பயம் இன்னும் மோசமாக இருந்தது. அந்தக் கண்காட்சியில் நான் பட்ட பாடு அதனால்தான்.

எங்கள் ஊருக்கு அப்படியொன்று அதற்கு முன் வந்ததில்லை. சேறு, மணல், பாறை எதிலும் ஏறுகிற ஜீப்புகள், காட்டில் போய்த் தங்குவதற்கான சாமான்கள் எல்லாம் வருகிறதாம். கடற்கரைச் சாலைப் பக்கத்து மைதானத்தில் மண்ணடித்து மேடு போட்டிருந்தார்கள். சுவரொட்டியில் ஒரு ஜீப்பின் தலையில் கூடாரம் உட்கார்ந்திருந்தது. அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிவிட்டேன்.

அப்பா துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிப் போகிற டிரெய்லர் ஓட்டினார். ஓசூர் போய்த் திரும்பும்போது, வீட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் எட்டயபுரத்திலிருந்து போன் வரும். அதற்குப் பிறகுதான் அம்மா உலை வைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வந்து சேர்ந்தவர், குளித்துச் சாப்பிட்ட கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கொஞ்சம் படுங்க. சாயங்காலமா போவோம்" என்றாள் அம்மா.

"பிள்ளைட்ட சொல்லிட்டேம்லா."

மைதானத்தில் ஜீப்புகள் மண்மேட்டில் உறுமிக்கொண்டு ஏறின. ஒவ்வொன்றும் கவிழ்ந்துவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா மடக்கு நாற்காலி, மடக்கு அடுப்பு, தண்ணீர் டின் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பாத்தியாளா? துட்டு குடுத்து ரோட்டோரமா பொங்கித் தின்னுட்டு, அங்கனயே படுக்கணுமாம்."

"ஒங்களுக்குச் சம்பளம் குடுத்துல்லா படுக்க வைக்கான்" என்றாள் அம்மா. அப்பா தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

சுவரொட்டியில் இருந்த ஜீப் கடைசியில் நின்றது. அதன் தலையில் கூடாரம், பக்கத்தில் சின்ன ஏணி. அங்கே நின்ற வெளியூர்த் தம்பி, "செருப்ப மட்டும் கீழ விட்டுட்டு, ஏறிப் படுத்துப் பாருங்க சார்" என்றான். அப்பாவை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரும் கூச்சத்தோடு ஏறினார். கால் உள்ளே போனது. அப்புறம் சத்தமே இல்லை.

வரிசையில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். "அப்பா" என்று மெல்லக் கூப்பிட்டேன். பதிலாகக் குறட்டை வந்தது.

விற்க வைத்திருக்கும் மெத்தை. பிடித்துத் திட்டுவார்கள், வெளியே தள்ளுவார்கள், போலீஸ்கூட வரலாம். ஏணியில் ஏறி உள்ளே தலையை நீட்டினேன். அங்கே அதைவிட மோசம். அப்பா தம் செருப்பு இரண்டையும் கீழே விடாமல் கையோடு கொண்டுவந்து, தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தார்.

செருப்பு விஷயத்தில் அம்மா ஈவு இரக்கம் பார்க்கமாட்டாள். வாசல்படி தாண்டக் கூடாது. பாய்ப்பக்கம் பட்டால் பாயைக் கழுவுவாள், தலையில் பட்டால் தலையையே கழுவிவிடுவாள். அவள் பார்ப்பதற்குள் உருவிவிடலாம் என்று மெல்ல இழுத்தேன்.

"எவம்ல அது?"

என் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்துக்கொண்டது அப்பாவின் கை. கண் திறக்கவில்லை. திருடனை அதட்டுகிற மாதிரியான அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. பிடித்த கையே என் வளையலைத் தடவிப் பார்த்தது. உடனே தளர்ந்தது. "நீயாம்மா" என்று முனகிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார்.

திரும்பினால் ஏணியில் எனக்குப் பின்னால் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இப்போது கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எறங்குளா. தூங்கட்டும்" என்றாள்.

கீழே வந்து, கண்காட்சி நாற்காலி ஒன்றை இழுத்து ஏணியடியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்த மனுசன். ஒரு அரைமணி நேரம்."

அந்தத் தம்பி மேலே பார்த்தான், வரிசையைப் பார்த்தான். "டெமோ போயிட்டிருக்கு, கொஞ்சம் சத்தம் போடாதீங்க" என்று கூட்டத்திடம் சொன்னான். எட்டிப் பார்த்துவிட்டு ஒருவர், "நல்லாத்தான் தூக்கம் வருது போல" என்று விலையே விசாரித்தார். நான் மட்டும் போலீஸ் வருகிறதா என்று வாசலைப் பார்த்தபடி நின்றேன். அம்மா மூக்கை உறிஞ்சினாள். மைதானத்துத் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் நீலப் பாவாடையைக் காணோம். வெட்டி, இலவம்பஞ்சு அடைத்துக் குட்டித் தலையணை தைத்து, அப்பாவின் பையில் வைத்துவிட்டிருந்தாள் அம்மா. நான் இரண்டு நாள் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, லாரிகள் நிற்கிற பைபாஸ் பக்கம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனோம். டிரெய்லருக்கு அடியில் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு என் பாவாடை. அதற்கு அடியில் இரண்டு செருப்பு.

பாவாடைக்குப் பழி தீர்ந்தது என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். "எம்மா, இங்க பாரேன். அப்பா தலவாணிக்கு அடியில செருப்ப வச்சிருக்காவ."

"அங்கனயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. சோற்றுவாளியை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தில் ஈ வராமல் முந்தானையால் விசிறினாள்.

வீட்டுச் சட்டம் மாறிவிட்டது என்றே முடிவு செய்தேன். அன்று படுக்கும்போது என் செருப்பைத் துடைத்து எடுத்துவந்து, தலையணைக்கு அடியில் வைத்தேன். முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. அந்த நேரத்திலும் தலையைக் கழுவிவிட்டாள். அப்பாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று தேம்பித் தேம்பி அழுதேன். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா ஏன் என்னை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்று கேட்கத் தெரியவில்லை.