இருபத்தைந்தாவது பெயர்

குக் பான்-சோக் தென்கொரியாவின் மோக்போ நகரில், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த வெந்நீர்க் குளியலகத்தில் இருபத்திரண்டு வருடம் குளிக்க வருகிறவர்களுக்கு அழுக்குத் தேய்த்துவிட்டார். அரைக்கால் சட்டை மட்டும் போட்டிருப்பார். மற்ற எல்லோரும் அம்மணமாக இருக்கும் இடத்தில் அது சீருடை மாதிரி. முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. தெருவில் வணக்கம் சொன்னால் தயங்கிப் பார்ப்பார். முதுகைக் காட்டிப் படுத்தால் போதும், பெயர், வேலை, போன தடவை எப்போது வந்தீர்கள் என்பது வரை சொல்லிவிடுவார்.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு குவாங்ஜுவுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசியதெல்லாம் எங்கள் ஊர் பேஸ்பால் அணியைப் பற்றித்தான். ஆட்டம் நடக்கும் மாலைகளில் குளியலகத்தில் கூட்டம் இருக்கும். அதனால் மைதானத்துக்குப் போக முடியாது. சின்ன ரேடியோ ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்கும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.

நான் அப்போது தபால்காரன். வேலை முடித்துப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியில் இறங்குவேன். அந்த நேரத்துக்கு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மோ இருப்பார். மீன் சந்தையில் பேய்க்கணவாய் விற்கும் மொத்த வியாபாரி பியோன் இருப்பார். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. ஆனால் ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். யாரை வாங்கலாம், யாரைத் தள்ளிவிடலாம் என்று கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து அணியைத் தினமும் கலைத்துக் கட்டினோம். சண்டை முற்றினால் ஒருவர் எழுந்து குளிர்ந்த தொட்டிக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் நடுங்கிக்கொண்டு திரும்பி வருவார்.

தாக் ஜே-வூக் எங்கள் ஊர்க்காரன். ஐஸ் ஆலைக்காரரின் மகன். ஏழு வருடம் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் வந்து பந்தெறிந்து ஆட்டத்தை முடித்துவைத்தவன். முப்பதாவது வயதில் வலது தோளில் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவன் முதல் அணியில் எறியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் குளியலகத்துக்கு வருவான். பான்-சோக் அந்தத் தோளை மட்டும், கையில் மாட்டியிருக்கும் சொரசொரத்த துணி உறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் தேய்ப்பார். ஜே-வூக் எறிந்து அவர் நேரில் பார்த்தது, குளியலகம் மூடியிருந்த நாட்களில் நடந்த இரண்டே ஆட்டம்.

அந்த நவம்பரில் எங்கள் அணி சியோல் அணியிலிருந்து பந்தடிப்பதில் பேர்போன ஆட்டக்காரர் ஒருவரை ஒப்பந்தம் செய்தது. மூன்று நாள் கொண்டாடினோம். நாலாவது நாள்தான் உறைத்தது. பதிலுக்கு சியோல்காரர்கள் எங்களிடமிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து பேரை மட்டும் தொடக்கூடாது என்று எங்கள் நிர்வாகம் எழுதிக் கொடுக்கும். மற்றவர்களில் யாரை வேண்டுமானாலும் அவர்கள் எடுக்கலாம். அந்தப் பட்டியலை வெளியே சொல்ல மாட்டார்கள். சொல்லாததால் ஊரில் ஒவ்வொருவனும் தன் பட்டியலை எழுதினான்.

வாத்தியார் நீராவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதினார். இருபத்திநாலு பேருக்கு ஒரு வாரம் பிடித்தது. எழுதியது வழிந்து அழிந்துவிடும், மறுநாள் முதலிலிருந்து தொடங்குவோம். கடைசி இடத்துக்குப் பத்தொன்பது வயது இடதுகைப் பையன் ஒருவனை வாத்தியார் சொன்னார். வயது, வேகம், இன்னும் எத்தனை வருடம் ஆடுவான் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிக் காட்டினார். பான்-சோக் ஆளைப் படுக்கவைத்துத் தேய்க்கும் மேசையருகிலிருந்து, ஜே-வூக்கை எழுதுங்கள் என்றார். பியோன் சிரித்தார்.

"ஒன்றரை வருஷமா சும்மா கெடக்கிற கைக்கு ஒரு இடமா? வெளிய விடுங்க வாத்தியாரே. எவனும் சீண்ட மாட்டான். சாயங்காலம் மிஞ்சுன சரக்கு மாதிரி கெடக்கும், நாமளே திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்."

"எடுப்பான்" என்றார் பான்-சோக்.

"எவன்?"

"சியோல்காரன். அந்தத் தோள் ஆறிடுச்சு."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர் ஒரு நாள் அறுத்துட்டுப் போயிட்டான். வாரா வாரம் தொட்டுப் பாக்கிறவன் நான்."

மேசையில் படுத்திருந்த ஆளின் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு பான்-சோக் தொட்டி விளிம்புக்கு வந்து நின்றார். அந்தப் பையன் வருவான் போவான், அவன் ஊர் வேறு, ஜே-வூக் போனால் இங்கே நாம் யாருக்காக ரேடியோ கேட்பது என்று கேட்டார். வாத்தியார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருபத்தைந்தாவதாக எழுதியிருந்த பையன் பெயரை உள்ளங்கையால் துடைத்தார்.

லாரி யோசனை பான்-சோக்குடையது. சியோலில் ரசிகர்களுக்கு மனக்குறை என்றால் பக்கவாட்டில் விளக்குப் பலகை வைத்த லாரியை வாடகைக்கு எடுத்து அணி அலுவலகத்தின் முன்னால் நிறுத்துவார்கள். எங்கள் ஊரில் யாரும் அதுவரை செய்ததில்லை. குளியலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் பணம் போட்டார்கள். என் தபால் வட்டத்தில் நானும் வீடு வீடாகக் கேட்டேன். பலகையில் என்ன எழுதுவது என்பதில் இரண்டு நாள் போனது. பியோன் நிர்வாகத்தைத் திட்டி நாலு வரி எழுதிக்கொண்டு வந்தார். வாத்தியார் அதை அடித்துவிட்டு, எங்கள் பிள்ளையை எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்று ஒரு வரி எழுதினார். அதுவே போதும் என்று பான்-சோக் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜே-வூக் வந்தான். பான்-சோக் அவன் தோளைத் தேய்த்துக்கொண்டே, போயிடுவியாடா என்று கேட்டார். என் கையிலயா இருக்கு மாமா என்றான். துக்கத்தில் சொல்கிறான் என்று நினைத்தோம். அவனுக்கு என்ன விருப்பம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

லாரி மூன்று நாள் நின்றது. மூன்று நாளும் பான்-சோக் வேலைக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் லீவு எடுத்தது அந்த ஒரு தடவைதான். லாரிக்குப் பக்கத்தில் கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. அடுத்த வாரம் சியோல் அணி தன் தேர்வை அறிவித்தது. பந்து பிடிக்கும் எங்கள் மூன்றாவது கேட்சரை எடுத்திருந்தார்கள். அப்படியென்றால் ஜே-வூக்கின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். பியோன் ஒரு கூடை அவித்த முட்டை வாங்கிவந்து தொட்டியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார். ஆறின தோளுன்னு நீ சொன்னது சரிதாண்டா, இல்லன்னா எழுதியிருப்பாங்களா என்று பான்-சோக்கின் முதுகில் அடித்தார். பான்-சோக் அன்று சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஜே-வூக் குளியலகத்துக்கு வரவில்லை. பயிற்சி முகாமுக்குப் போயிருப்பான் என்றோம். வசந்தத்தில் ஆட்டங்கள் தொடங்கின. ரேடியோ பைக்குள் பேசிக்கொண்டே இருந்தது. எட்டாவது இன்னிங்ஸுக்கு ஒருவர், ஒன்பதாவதற்கு ஒரு வெளிநாட்டுக்காரர், நடுவில் அந்த இடதுகைப் பையன். ஜே-வூக் மாற்று ஆட்டக்காரர்களின் இரண்டாம் அணியில் இருந்தான். இரண்டாம் அணி ஆட்டங்களை யாரும் ஒலிபரப்புவதில்லை. நன்றாக எறிகிறான் என்று மட்டும் செய்தி வந்தது. கூப்பிடுவாங்க, ஒருத்தனுக்குக் காயம் ஆனா கூப்பிடுவாங்க என்றார் பான்-சோக். யாருக்கும் காயம் ஆகவில்லை. அக்டோபரில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயர்கள். அவன் பெயர் ஆறாவது.

நவம்பர் நடுவில், பகல் பதினொரு மணிக்கு வந்தான். அன்று எனக்கு விடுமுறை. தொட்டியில் நான் ஒருவன்தான் இருந்தேன். பான்-சோக் மேசையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜே-வூக் எனக்குத் தலையசைத்துவிட்டுப் போய்க் குப்புறப் படுத்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். பான்-சோக் ஒன்றும் கேட்காமல் தேய்க்கத் தொடங்கினார். தோளுக்கு வந்ததும் உறையைக் கழற்றினார்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா. ஒண்ணுமே இல்ல. ரெண்டாம் அணியில நாப்பது இன்னிங்ஸ் எறிஞ்சேன். ஒரு நாள்கூட ஐஸ் வைக்கல."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"இடம் இல்ல. அது அவங்களுக்கு முன்னாடியே தெரியும். எனக்கும் தெரியும்."

பிறகு அவன் மேசையின் ரெக்சினைப் பார்த்துக்கொண்டே பேசினான். போன வருடம் சியோல் அணியின் பயிற்சியாளர் அவனுக்குப் போன் செய்திருந்தார். அவன் எறிவதை வந்து பார்த்திருந்தார்கள். எட்டாவது இன்னிங்ஸ் உனக்குத்தான் என்றார்கள். இங்கே நிர்வாகமும் சம்மதித்து அவனைப் பட்டியலுக்கு வெளியே விடுவதாக இருந்தது. போய் எறி, உனக்கு அதுதான் நல்லது என்று மேனேஜரே சொன்னார். அவன் மனைவி சியோலில் ஒரு வீடுகூடப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அப்பதான் அந்த லாரி வந்துச்சு" என்றான். "ஊரே கேக்குது, உன்ன விட்டா எங்களக் கிழிச்சுடுவாங்கன்னு பயந்துட்டாங்க. என் பேரை எழுதிட்டாங்க."

நான் தண்ணீரை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பான்-சோக்கின் கை அவன் தோளின் மேலேயே இருந்தது. தேய்க்கவில்லை. அவர் வாயைத் திறக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். அவருக்காக மட்டும் அல்ல. நானும் பணம் போட்டிருந்தேன்.

"லாரிய அனுப்பினது நான்" என்றார் பான்-சோக்.

"தெரியும் மாமா. பேப்பர்ல படம் பாத்தேன். கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டிருந்தீங்க."

"அதான் வரலியா?"

"திட்டிட்டு வரணும்னு ரெண்டு மூணு தடவை கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தேன். திட்ட என்ன இருக்கு? கெட்டவன் எவனாவது செஞ்சிருந்தா திட்டலாம்."

பான்-சோக் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதாக இருக்கலாம். சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்கு அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஊரே ரோட்டில் நிற்கும்போது, நான் போக ஆசைப்படுகிறேன் என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்?

வேறு அணி எதுவும் பார்க்கிறதா என்று கேட்டார். முப்பத்திரண்டு வயசு, விடுவிக்கப்பட்டவன், ரெண்டரை வருஷமா முதல் அணியில ஒரு பந்துகூட எறியல, யார் எடுப்பாங்க என்றான் ஜே-வூக். இஞ்சியோனில் மாமனாருக்கு டயர்க் கடை இருக்கிறது. திங்கட்கிழமை போகிறான். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது.

"திரும்பிப் படு" என்றார் பான்-சோக்.

ஜே-வூக் மல்லாந்து படுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரு கோடு வழிந்தது. அந்த இடத்தில் எல்லோர் முகத்திலும் தண்ணீர்தான் வழியும். பான்-சோக் மார்பு, வயிறு, கால் என்று வரிசையாக முடித்தார். ஒரு இடத்தையும் விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு அவன் மேல் ஊற்றினார். ஜே-வூக் எழுந்து குனிந்து வணங்கினான். பான்-சோக்கும் அவனை விட ஆழமாகக் குனிந்தார். அவன் போய் உடைமாற்றும் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை நிமிரவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் படுத்தேன். அவர் கை முதுகில் பட்டதே தெரியவில்லை. துணியை ஈரம் ஒற்றுவது மாதிரி நகர்த்திக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அழுத்தித் தேயுங்க அண்ணே" என்றேன்.

"வலிக்கும்" என்றார்.

அவர் முடிக்கும் வரை படுத்திருந்தேன். எப்போதும் கொடுக்கும் காசைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போகாமல் இருந்த அழுக்கை மறுபடி நானே தேய்த்துக் குளித்தேன்.