இறாலுக்குப் பாயாசம்

திருப்பாலைக்குடி ருக்ஸானா கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவள். வாங்கி என்ன? "அந்தப் படிப்பு மீன் ஆணத்துக்குப் புளி கரைக்கத்தான் ஆச்சு" என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் கேலி பேசினார்கள். புருஷன் தாஹா பல வருஷம் சவூதியில் கிடந்துவிட்டு ஊர் திரும்பி, இறால் குளம் வெட்டினான். இந்தத் தடவையும் இறால் செத்தால் மறுபடி சவூதிதான் என்று பெட்டியைக் கட்டிலடியிலேயே வைத்திருந்தான். வீடு கூட்டும்போதெல்லாம் அது விளக்குமாற்றில் தட்டும். அவள் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடுவாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் இறாலெல்லாம் கரையோரம் மிதந்து தத்தளித்தன. பக்கத்துக் குளத்துக்காரர் ஹாதி மாமா ஓடிவந்தார்.

"ஏலே தாஹா, சுண்ணாம்பத் தூவுடா! எல்லாரும் அதத்தான செய்யிறோம்."

தாஹா மூட்டையைப் பிரிக்கப் போனான். ருக்ஸானா அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதத் தூவுனீங்க, குடியே முழுகிரும் மச்சான்!"

இரண்டு நாளாகவே தண்ணீரில் காரத்தன்மையும் அமோனியாவும் ஏறுவதை அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். குளத்து அமோனியாவில் ஒரு பங்கு சாது, ஒரு பங்கு நஞ்சு. சாது நஞ்சாவதும், நஞ்சு சாதுவாவதும் ஓயாமல் நடக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கிறவரை பங்கு மாறாது. சூடும் காரமும் ஏறினால் நஞ்சின் பக்கம் சாய்ந்துவிடும். சுண்ணாம்போ காரத்தை இன்னும் ஏற்றும். வேதிச் சமநிலை என்று கல்லூரியில் உருப்போட்ட பாடம்தான்.

தீனியை நிறுத்தினாள். காற்றடிக்கும் ஏரேட்டர்களை ஓடவிட்டாள். வெல்லமும் ஈஸ்ட்டும் கலந்து முன்பே புளிக்கப் போட்டிருந்த பீப்பாயைத் திறந்து, வாளி வாளியாகக் குளத்தில் ஊற்றினாள். புளிப்பு காரத்தை இறக்கும். காரம் இறங்கினால் நஞ்சு சாதுவாகத் திரும்பும்.

"ஏம்மா, இறாலுக்குப் பாயாசமா?" என்று சிரித்தார் ஹாதி மாமா.

"ஆமா மாமா. அதுக குடிச்சுப் பொழைக்கட்டும், ஒங்களுக்கும் ஒரு வாளி தாரேன்."

விடிந்து பார்த்தால் கரையில் ஒரு இறாலையும் காணோம். அத்தனையும் அடியில்! சோதிக்க அவள் கொஞ்சமாக வைத்த தீனித் தட்டையும் துடைத்து வைத்திருந்தன. அடேயப்பா, அவள் போட்ட குலவையில் கொக்கெல்லாம் பறந்துபோயின.

அந்த வெயிலுக்குத் தப்பி, அறுவடை அமோகமாக வந்தது. ஹாதி மாமா வாளியோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா ருக்ஸானா, அந்தப் பாயாசம் மிச்சம் கெடக்கா?"

அன்று தாஹா கட்டிலடிப் பெட்டியை வெளியே இழுத்தான். ருக்ஸானாவுக்குத் திக்கென்றது. அவன் துணி எதையும் எடுக்கவில்லை, வெல்லத்தை அடுக்கினான்.

"இதுலதான் எறும்பு ஏறாது" என்றான்.