யானை காட்டிய வாடகைக் கார்

மோட்டார் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் நடப்பதற்கெல்லாம் பழி வரும். கண்டியிலிருந்து ஹபரணைக்கு ஆள் ஏற்றுகிறவனுக்குக் காட்டில் நடக்காததற்கும் பழி வரும். ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மடவளையிலிருந்து வந்து ஒரு கண்டி முதலாளியின் காரை ஓட்டினேன். கன்வஸ் கூரை, முன்னால் கைப்பிடியைச் சுழற்றினால்தான் அதற்கு உயிர் வரும். ஹபரணை காட்டோரத்துச் சின்ன ஊர். நாலு கடை, ஒரு குளம், பயணிகள் தங்க ஒரு வாடிவீடு. போகிறவர்கள் எல்லாரும் யானை பார்க்கத்தான் போவார்கள்.

கிளை கட்டிய மாமியார்

யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் மாமியாரோடு வந்தார். தம்புள்ளை தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரம். வழிப்போக்கர்கள் அதில் பச்சைக் கிளை ஒன்றைத் தொங்கவிட்டு, யானை எதிர்ப்படக் கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அந்த அம்மா காரை நிறுத்தச் சொல்லி, கிளை முறித்துத் தொங்கவிட்டு, கண்ணை மூடி உருகி உருகி வேண்டினார். யானை காட்டத்தான் நான் கூட்டிப்போகிறேன் என்பதை யார் அவருக்குச் சொல்வது!

பொழுது சாயும்வரை குளக்கரையில் நின்றோம். கொக்கு வந்தது, எருமை வந்தது, மழையும் வந்தது. ஐயா என்னை முறைத்தார். மாமியார் முகத்தில் மட்டும் அப்படியொரு பூரிப்பு. "கேட்டது கிடைச்சிட்டுது. பிறகேன் தம்பி முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?" என்றார் மருமகனிடம்.

வாடிவீட்டில் அறை

அடுத்தது ஒரு துணிக்கடை ஹாஜியார். அன்றும் குளம் வெறிச்சோடிக் கிடந்தது. வாடிவீட்டுக்காரர் எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார்: "நேத்து வந்திருந்தா நல்லம் மாத்தையா. கிணத்தடியிலயே நின்னது."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப நேத்தைக்கு ஒரு அறை போட்டுத் தாங்க."

முதலாளியின் கெடு

இரண்டு பேரும் முதலாளியிடம் போய் முறையிட்டிருக்கிறார்கள். அவர் கோபத்தில் கத்துகிற ஆளில்லை, அதுதான் பயம். மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு ஆள் யானை பாக்காமத் திரும்பினா, கார என்ட மச்சான் ஓட்டுவான்."

வயிற்றுக்கடியில்

அடுத்து ஏறியது ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, மனைவி, ஐந்து வயது மகள். மூவரும் சேசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள், கிளை கட்டச் சொல்லவில்லை. கட்டச் சொன்னாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்! ஹபரணைக்கு முன்னாலேயே நடுரோட்டில் நின்றது ஒரு யானை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலை நாலு காலில் நிற்கிறதே!

அதற்குள் அந்த அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பெரஹரா ஊர்வலத்து யானையின் வயிற்றுக்கடியில் மூன்று முறை நுழைந்துவந்தால் பிள்ளைக்குப் பயம் தெளியும் என்பது கண்டிப் பக்கத்து நம்பிக்கை. அவர் பார்த்த யானைக்கெல்லாம் சங்கிலியும் ஆளும் உண்டு. "பாகன் எங்கங்க? கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார்.

யானை காதை விரித்தது. அவர்களை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பியபடி காரைப் பின்னுக்கே ஓட்டினேன். அது கொஞ்ச தூரம் துரத்திவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது.

கண்டியில் முதலாளி வாசலிலேயே நின்றார். "யானை பாத்தீங்களா?"

கணக்கப்பிள்ளை பொய் சொல்லாத மனிதர். "எங்கங்க முழுசாப் பாத்தோம்? அது காத விரிச்சதுமே சேசுவேன்னு கண்ண மூடுனவங்க, தம்புள்ள வந்துதான் தொறந்தோம்."

நான் செத்தேன் என்று நினைத்தேன். மகள் அப்பாவின் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். "நா பாத்தேன்! யானை தும்பிக்கைய ஆட்டிச்சு. டிரைவர் மாமா ஓன்னு அழுதாரு."

முதலாளி சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கார் என்னிடமே தங்கியது.

யானை காட்டிப் பிழைக்கிறவனுக்கு, அவன் அழுததைப் பார்த்த ஒரு நல்ல சாட்சி கட்டாயம் வேண்டும்.