புளிப்பு பியரும் என்ரை நாக்கும்

பிள்ளையள், நீங்கள் பிறக்க முன்னம், தொண்ணூறுகளில், நானும் உங்கடை அம்மாவும் இத்தாலியில், பலெர்மோவில் ஒரே வீட்டில்தான் வேலை செய்தோம். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய வீடு. அம்மா சமையல், நான் கூட்டித் துடைப்பது. வீட்டுக்காரர் பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறின கிழவர். சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவோம்.

அவருக்கு ஒரே ஒரு விசர். அவருடைய பிளாண்டர்ஸ் பக்கத்தில் புளிப்பான சிவப்பு பியர் ஒன்று இருக்காம். அதை இங்கே வீட்டிலேயே காய்ச்ச வேணும். காய்ச்சி, நொதிக்க விட்டு, பழைய வைன் பீப்பாய்க்குள் ஊற்றி ஒரு வருசத்துக்கு மேல் மூடி வைப்பார். மரத்துக்குள் இருக்கிற கிருமிகள் மெல்ல மெல்லப் புளிக்கப் பண்ணுமாம்.

"புளிச்சால் ஊத்திறதுதானே வழக்கம். இந்த மனுசன் புளிக்கட்டும் எண்டு காவல் இருக்குது," என்று அம்மா சிரிப்பா.

ஆனால் காற்றுப் பட்டால் புளிப்பு மிஞ்சி வினாகிரியாகிவிடும். முதல் இரண்டு தரமும் அப்படித்தான் போனது. பலெர்மோ வெக்கைக்கு இது சரிவராது என்று பெல்ஜியத்தில் இருந்த அவருடைய தமக்கை போனில் பகிடி பண்ணினவ. இந்த முறையும் பிழைத்தால் பீப்பாயைக் கொத்தி விறகாக்கிவிட்டு, காய்ச்சுவதையே விடுவதாகச் சிஞ்ஞோரே சொல்லிவிட்டார். தமக்கை ஞாயிற்றுக்கிழமை வருகிறா.

பீப்பாய் திறக்கிற நாள் பார்த்து மனுசனுக்குத் தடிமன். மூக்கடைத்து ஒரு ருசியும் தெரியவில்லை. முற்றத்தில் வைத்து ஒரு கிளாசில் பிடித்து என்னிடம் தந்தார்.

"குடிச்சுப் பார். பியரோ, வினாகிரியோ?"

முதல் வாய்க்குப் பல் கூசியது. பிறகு செரிப்பழம் மாதிரி ஒரு இனிப்பு வந்து நின்றது. அடியில் கிடந்ததையும் விடாமல், தலையை அண்ணாத்திக் கவிழ்த்துக் குடித்து, நாக்கைத் தட்டி "ச்" என்றேன்.

சிஞ்ஞோரேயின் முகம் செத்துப்போனது. போய்ப் பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டார். பியர் சிவப்பாக முற்றத்து வடிகானுக்குள் ஓடியது. பீப்பாய் கழுவுகிற முறை இதுதானாக்கும் என்று நான் விளக்குமாறை எடுத்துக்கொண்டு வந்தேன்.

குசினி யன்னலால் அம்மா எட்டிப் பார்த்தா. "என்னப்பா, அவ்வளவு கூடாதோ?"

"ஆர் சொன்னது? நல்ல சாமான்."

"பிறகேன் நோ எண்டு சொன்னனீங்கள்?"

"நான் எங்கை சொன்னனான்?"

"தலையை மேலை எறிஞ்சு நாக்கைத் தட்டினால் இஞ்சை நோ தானே. விலை குறைக்கச் சொன்னால் பல்லரோ சந்தை மீன்காரன் எனக்கு எப்பவும் அப்பிடித்தான் தட்டுறவன். நீங்கள் எந்த ஊரிலை இருக்கிறியள்?"

விளக்குமாறைப் போட்டுவிட்டு ஓடினேன். "புவோனா, சிஞ்ஞோரே, நல்லாயிருக்கு, புவோனா," என்று கத்திக்கொண்டு குழாயைப் பூட்டினேன். அதற்குள் பாதி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தமக்கை ஒரு வாய் குடித்தா. முழுக்கவும் குடித்தா. பிறகு வெறும் கிளாசைத் தம்பி பக்கம் தள்ளினா. சிஞ்ஞோரேக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

அவர் திரும்ப ஊற்றப் போக, தமக்கையும் பின்னால் வந்து பீப்பாயைத் தட்டிப் பார்த்து, தங்கள் பாஷையில் ஏதோ கேட்டா. எனக்கும் விளங்கட்டும் என்று சிஞ்ஞோரே இத்தாலியனில் பதில் சொன்னார்.

"பாதி எங்கை எண்டு கேக்கிறியோ? இவனுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. அதாலை வந்தது."

தமக்கை என்னை மேலும் கீழும் பார்த்தா. குசினிக்குள் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் நாக்கைப் பல்லுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.